கையில் ஐயாயிரம் ரூபாய், முதல் ட்ரோன் எது?

கேள்வி சுருக்கமாக: கேட்பவருக்கு 32 வயது, ரிமோட் கார்கூட ஓட்டிப் பழக்கமில்லை. பொழுதுபோக்காக ட்ரோன் பழக ஆசை. 5,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். 4கே கேமரா, ஜிபிஎஸ், மடக்கும் கைகள் எல்லாம் உள்ளதாகச் சொல்லும் ஒரு ட்ரோன் ஆன்லைனில் 2,500 ரூபாய்க்கே கிடைக்கிறது, அதையே வாங்கிவிடலாமா என்கிறார்.

அது வேண்டாம். 5,000 ரூபாயில் நன்றாகவே பழகலாம், அதில் சந்தேகமில்லை. அந்தப் பணத்துக்கு ஒழுங்காகப் பறக்கிற ஒரு சாதனம் வரும், அல்லது பார்க்கச் சகிக்காத ஒரு கேமரா வரும். இரண்டையும் ஒரே பெட்டியில் எதிர்பார்த்தால் இரண்டுமே தேறாது.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன். 2018-இல் ரைஸ் நிறுவனம் டெல்லோ என்றொரு குட்டி ட்ரோனை 99 டாலருக்குக் கொண்டுவந்தது. பறக்கும் தொழில்நுட்பம் பெரிய ட்ரோன் நிறுவனமான டிஜேஐயுடையது, உள்ளே இன்டெல் சிப். எடை 80 கிராம், 13 நிமிடம் பறக்கும். இவ்வளவு இருந்தும் அவர்கள் பெட்டியில் போட்டது 5 மெகாபிக்சல் படம், 720பி வீடியோ, அவ்வளவுதான். ஜிபிஎஸ் கிடையாது. அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு 4கே-யும் ஜிபிஎஸ்ஸும் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் எங்கோ இடிக்கிறது, இல்லையா?

அங்கே நடப்பது இதுதான். சின்னக் கேமரா எடுக்கும் சின்னப் படத்தை போனில் உள்ள ஆப் இழுத்துப் பெரிதாக்கி '4கே' என்று சேமிக்கிறது. கேமராவை ஆடாமல் பிடித்துவைக்கும் கிம்பல் இல்லாததால் ட்ரோன் ஆடுகிற ஆட்டமெல்லாம் வீடியோவிலும் ஆடும். படம் வைஃபையில் வருவதால் கொஞ்ச தூரம் போனதும் திக்கித் திணறும், தாமதமாகவும் வரும். திரையைப் பார்த்து ஓட்டினால் மரம் தெரியும்போது ட்ரோன் ஏற்கெனவே மரத்தில் இருக்கும்.

ஜிபிஎஸ் கதை இதைவிட மோசம். இந்த விலையில் பெரும்பாலும் அது இருப்பதே இல்லை. ஆனால் ரிமோட்டில் 'வீட்டுக்குத் திரும்பு' என்று ஒரு பொத்தான் மட்டும் இருக்கும். ஜிபிஎஸ் இல்லாத ட்ரோனுக்கு வீடு எங்கே என்று எப்படித் தெரியும்? தெரியாது. கிளம்பும்போது அதன் மூக்கு எந்தப் பக்கம் இருந்ததோ, அதற்கு எதிர்ப்பக்கமாகப் பின்னோக்கி நகர ஆரம்பிக்கும். 'வீடு' என்பதற்கு அந்தப் பொத்தான் வைத்திருக்கும் அர்த்தம் அதுதான்.

என் முதல் ட்ரோன் இப்படித்தான் போனது. பொள்ளாச்சிப் பக்கம், ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய காலி நிலம். ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அதிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு முன்னால் 90 கிராம் பிளாஸ்டிக் எம்மாத்திரம். மேலே ஏற்றிய பத்தாவது நொடியில் அது தோப்பைப் பார்த்து நகர்ந்தது. நான் பதறிப்போய்த் திரும்பு பொத்தானை அமுக்கினேன். கேமரா என் முகத்தைப் பார்க்கட்டும் என்று மூக்கை என் பக்கம் வைத்துக் கிளப்பியிருந்தேன். ஆகவே அதன் கணக்கில் 'பின்னால்' என்பது என்னைவிட்டு விலகிப் போகும் திசை. முழு வேகத்தில் தோப்புக்குள் போய் ஒரு மட்டையில் செருகிக்கொண்டது. மரமேறும் அண்ணன் 200 ரூபாய் வாங்கிக்கொண்டு, "இளநி ரெண்டும் சேத்துப் போடட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு ஏறினார். மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தபோது ஒரே ஒரு வீடியோதான் ஆடாமல் அசையாமல் தெளிவாக இருந்தது. ட்ரோன் மட்டையில் மாட்டிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடம்.

சரி, எதை வாங்குவது? மாடல் பெயர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த விலைப் பொருள்களுக்குப் பெயரும் அட்டைப்பெட்டியும் அடிக்கடி மாறும், உள்ளே இருப்பது அதேதான். அடையாளம் சொல்கிறேன், பார்த்து எடுங்கள். எடை 100 கிராமுக்குள் இருக்கட்டும். கேமரா வேண்டாம், இருந்தாலும் கழற்ற முடியவேண்டும். ப்ரொப்பல்லரைச் சுற்றி முழு வளையமாகக் காப்பு வேண்டும், பாதி வில்லாக இருப்பது சுவரில் மோதும்போது உதவாது. பேட்டரி கழற்றி மாட்டும்படி இருக்கவேண்டும், உள்ளேயே அடைத்து வைத்து யூஎஸ்பி ஒயரை நேராகச் செருகும் வகை வேண்டாம். வேகத்தைக் குறைத்து, கூட்டி வைக்க இரண்டு மூன்று நிலைகள் வேண்டும். கடைசியாக ஒன்று, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்: அதே மாடலுக்கு ப்ரொப்பல்லர், மோட்டார், பேட்டரி மூன்றும் தனித்தனியாக விற்கிறார்களா என்று ட்ரோனை வாங்குவதற்கு முன்பே தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் ட்ரோன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஐந்து ரூபாய்ப் பொருள் போல இருக்கும் ஒரு பிளாஸ்டிக் ப்ரொப்பல்லர் கிடைக்காமல் அலமாரியில் தூங்கும் ட்ரோன்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி வேண்டுமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. பழைய ஆட்கள், அது இருந்தால் கை பழகாது, ஏற்றி இறக்கும் த்ராட்டிலைக் கையால் பிடித்துத்தான் பழகவேண்டும் என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. முதல் வாரத்திலேயே ஏற்ற இறக்கம், மூக்கைத் திருப்புவது, முன் பின், பக்கவாட்டு என நான்கு விஷயத்தையும் ஒன்றாகக் கவனிக்கச் சொன்னால் பாதிப்பேர் ட்ரோனைப் பரணில் போட்டுவிடுவார்கள். உயரத்தை அது பார்த்துக்கொள்ளட்டும், திசையை நீங்கள் பழகுங்கள். ஆனால் அந்த வசதி காற்றழுத்தத்தை அளந்துதான் வேலை செய்கிறது என்பது நினைவிருக்கட்டும். காற்று ஒரு வீசு வீசினாலோ, மூடிய அறையில் யாராவது கதவைப் படாரென்று திறந்தாலோ ட்ரோன் காரணமில்லாமல் ஒரு குதி குதிக்கும். பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பவேண்டாம்.

இப்போது பணத்தைப் பிரிப்போம். ட்ரோனுக்கு 2,000 முதல் 2,500 ரூபாய். மிச்சத்தில் முதலில் கூடுதலாக மூன்று பேட்டரி, அப்புறம் இரண்டு செட் ப்ரொப்பல்லர், முடிந்தால் ஒரு செட் மோட்டார். 4,500 ரூபாய்க்கான ட்ரோனை ஒரே பேட்டரியோடு வாங்குகிறவர் அதிகம் பறக்கிறாரா, 2,000 ரூபாய் ட்ரோனை நான்கு பேட்டரியோடு வாங்குகிறவரா என்று யோசித்துப் பாருங்கள். இந்த அளவு ட்ரோன் ஒரு சார்ஜில் 6, 7 நிமிடம் பறக்கும். சார்ஜ் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு பேட்டரியோடு மைதானத்துக்குப் போனால் டீ குடிக்கும் நேரம்கூடப் பறக்க முடியாது.

பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 500 மில்லி ஆம்பியர் மணி கொண்ட பேட்டரி 7 நிமிடத்தில் காலியாகிறது என்றால் சராசரியாக 4 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சப்படுகிறது. ஒரு மோட்டாருக்கு ஒரு ஆம்பியர். சுண்டுவிரல் நுனியளவு மோட்டாருக்கு இது பெரிய தீனி, அதனால்தான் இறங்கியவுடன் தொட்டால் சுடுகிறது. ஒரு பேட்டரி முடிந்ததும் உடனே அடுத்ததை மாட்டாமல் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். விலை குறைந்த ட்ரோன்களில் இருப்பது உள்ளே பிரஷ் உரசிச் சுற்றும் பிரஷ் மோட்டார். அதன் ஆயுளே சில மணி நேரப் பறத்தல்தான். இது ஏமாற்று வேலை இல்லை, அதன் குணமே அப்படி. ஒரு மூலை மட்டும் தாழ்ந்து போகிறது, நேராக நிறுத்தினால் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது என்றால் அந்த மூலை மோட்டார் தேய்ந்துவிட்டது. ஒயரைச் செருகி மாற்றும்படி இருந்தால் ஐந்து நிமிட வேலை. சோல்டர் செய்யவேண்டிய வகை என்றால் மெல்லிய முனையுள்ள சோல்டரிங் அயர்ன் வேண்டும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும். மாற்றும்போது ஒயரின் நிறத்தைப் பாருங்கள்: பெரும்பாலும் சிவப்பு-நீலம் ஒரு திசையில் சுற்றுவது, கறுப்பு-வெள்ளை எதிர்த் திசையில் சுற்றுவது. இரண்டு மோட்டார் வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றுவதால்தான் ட்ரோன் தானாகப் பம்பரம்போல் சுழலாமல் நிற்கிறது.

மோட்டார் செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் ஒன்று செய்யுங்கள். ப்ரொப்பல்லரைக் கழற்றி அடியில் பாருங்கள். தலைமுடி! வீட்டுக்குள் பறக்கவிட்டால் தரையில் கிடக்கும் நீள முடியெல்லாம் அந்த ஊசிபோன்ற அச்சில் போய்ச் சுற்றிக்கொள்ளும், வெளியே என்றால் புல். இறுக்கிச் சுற்றியிருப்பது கண்ணுக்கே தெரியாது. ட்வீசரால் நுனியைப் பிடித்து எதிர்ப்பக்கமாக உருவினால் ஒரு சாண் முடி வரும். அதோடு மோட்டாருக்கு உயிரும் வரும்.

இந்த ட்ரோன்களில் வரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியோடு மட்டும் விளையாட்டு வேண்டாம். முழுதாக ஏறினால் ஒரு செல் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுப்போகும். அதனால் ட்ரோனின் விளக்கு கண்சிமிட்ட ஆரம்பித்தால் இன்னும் ஒரு ரவுண்டு என்று ஆசைப்படாமல் இறக்கிவிடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கமாட்டீர்கள் என்றால் முழுதாகவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம், 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள். இறங்கிய சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். அப்பளம்போல் உப்பிய பேட்டரியை அமுக்கிச் சரிசெய்து மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள். அதை மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் கூடாது.

பழகும் முறை. முதல் நாள் வீட்டு ஹாலில், சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு. சிரிக்காதீர்கள், நான் பார்த்த முதல் நாள் விபத்துகளில் பாதிக்கு ஃபேன்தான் காரணம், ஓடும் ஃபேனின் காற்றே போதும் அதைச் சுவரில் அடிக்க. கூரைக்கு மிக அருகே போனாலும் ட்ரோன் மேலே ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், மேலே இருக்கும் காற்றை அது உறிஞ்சுவதால் வருவது அது. ட்ரோனின் பின்பக்கம் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். இடது ஸ்டிக் ஏற்றம், இறக்கம், மூக்கைத் திருப்புவது. வலது ஸ்டிக் முன், பின், பக்கவாட்டு. இடுப்பு உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தப் பழகுங்கள். பார்க்கச் சுலபம், வருவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அப்புறம் தரையில் நான்கு செருப்பை மூலைக்கு ஒன்றாகப் போட்டு, மூக்கைத் திருப்பாமலே சதுரமாகச் சுற்றுங்கள்.

எல்லோரும் தடுமாறும் இடம் அடுத்தது. மூக்கு உங்களைப் பார்த்துவிட்டால் இடம் வலமாகிவிடும், வலம் இடமாகிவிடும். மூளைக்குத் தெரிந்தாலும் விரலுக்குத் தெரியாது. ஒரு சின்ன உபாயம் உண்டு: ட்ரோன் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுங்கள், சாயும் பந்தலுக்கு முட்டுக் கொடுப்பதுபோல. எதிரே பார்த்து நிற்கும்போது மட்டும் இந்தக் கணக்கு. இரண்டு வாரத்தில் யோசிக்காமலே கை போகும். ஹெட்லெஸ் மோடு என்று ஒன்று இருக்கும், மூக்கு எங்கே இருந்தாலும் உங்கள் இடம்தான் இடம் என்று வைத்துக்கொள்ளும். அதைத் தொடாதீர்கள். அதில் பழகியவர்கள் அடுத்த ட்ரோனில் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டியிருக்கும்.

மோதப் போகிறது என்று தெரிந்தால் உடனே த்ராட்டிலை முழுதாக இறக்குங்கள். கை தானாக அதற்கு எதிர்மாறாகத்தான் செய்யும், தூக்கிக் காப்பாற்றப் பார்க்கும். திரைச்சீலையிலோ புதரிலோ மாட்டிச் சுற்ற முடியாமல் நிற்கும் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால் சில நொடியில் கருகிவிடும். விழுந்தால் இந்த எடைக்கு ஒன்றும் ஆகாது.

வெளியே போவதென்றால் விடிகாலை. காற்று எழும்புவதற்கு முன்னால், சூரியன் கண்ணில் அடிக்காத பக்கமாக நின்று. கடற்கரை ஊர்களில் கடல் காற்று வந்துவிட்டால் மாலையில் வாய்ப்பே இல்லை. மொட்டை மாடி வேண்டாம். கீழே அசையாமல் நிற்கும் இலையைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனால் அங்கே காற்று வேறாக இருக்கும். கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிட்டால் அது பக்கத்து வீட்டுக்காரர் சொத்து, உங்கள் ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்பதிலேயே போய்விடும்.

சட்டம் பற்றிப் பயப்படுகிறவர்கள் உண்டு, அலட்சியப்படுத்துகிறவர்களும் உண்டு. 2021 ஆகஸ்ட்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை. அதற்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கே பறக்கலாம் என்பது எடையைப் பொறுத்ததில்லை. அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் ஊரைப் பாருங்கள்: பச்சைப் பகுதியில் 400 அடி வரை அனுமதி கேட்கவேண்டியதில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை என்றால் 200 அடி. அதைவிடக் கிட்டே பச்சை கிடையாது. மீனம்பாக்கத்தைச் சுற்றி இருக்கிறவர்கள் இதை முதலில் பார்க்கவேண்டும். முக்கியப் பிரமுகர் வரும் நாள்களில் காவல்துறை போடும் தற்காலிகத் தடை தனி. அந்த வாரச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேலே பறக்கவிடவே கூடாது.

"எனக்குப் பறப்பதில் ஆர்வமில்லை, மேலேயிருந்து நல்ல படம் எடுத்தால் போதும்" என்றால் நான் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிடலாம். பொம்மை ட்ரோன் உங்களுக்கு வேண்டாம். 249 கிராமில் வரும் டிஜேஐ மினி மாதிரி ஒன்றுக்குப் பணம் சேர்க்கவேண்டும், அது ஐந்தாயிரத்தில் முடிகிற காரியமில்லை. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய இந்தியாவில் தடை இருக்கிறது. பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்குத்தான் விலக்கு, உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. ஆக, சந்தையில் சுற்றும் பலவும் பில் இல்லாமல் வந்தவை. பழுதானால் எங்கே கொண்டுபோவது என்று வாங்குவதற்கு முன் கேட்டுப் பாருங்கள், விற்கிறவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். துபாயிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிடுவதும் ஆபத்து, விமான நிலையச் சுங்கத்தில் நின்றுவிடலாம்.

கல்லூரித் தம்பிகள் சென்னை ரிச்சி தெருவில் எஃப்450 ஃபிரேம், நான்கு 1000 கேவி மோட்டார் (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று), மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி என்று பை நிறைய வாங்கிவந்து தாமே கட்டுவார்கள். நல்ல படிப்பு அது, ஆனால் முதல் ட்ரோனாக வேண்டவே வேண்டாம். 11.1 வோல்ட் பேட்டரியில் அந்த மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 11,000 சுற்றுச் சுற்றும். பத்து அங்குல ப்ரொப்பல்லர் விரலில் பட்டால் தையல்தான். எடையும் ஒரு கிலோவைத் தொடும், அதனால் நானோவுக்கு அடுத்த மைக்ரோ வகைக்குள் போய்ப் பதிவு எண் கேட்கும்.

கண்ணாடி மாட்டிக்கொண்டு ட்ரோனுக்குள்ளிருந்தே பார்த்துப் பறக்கிற எஃப்பிவி பக்கம் ஆசை இருந்தால் உங்கள் 5,000 ரூபாயை ட்ரோனில் போடாதீர்கள். இன்னும் கொஞ்சம் சேர்த்து, கணினியில் செருகக்கூடிய நல்ல ரேடியோ (ட்ரோன் ரிமோட்) ஒன்று வாங்கி, லிஃப்ட்ஆஃப் அல்லது வெலாசிட்ரோன் சிமுலேட்டரில் இருபது மணி நேரம் விழுந்து எழுந்திருங்கள். திரையில் உடைந்தால் ஒரு பொத்தானில் புது ட்ரோன் வந்துவிடும். அதே ரேடியோ நாளைக்கு நிஜ ட்ரோனுக்கும் ஆகும். அப்புறம் வூப் எனப்படும் 65 மில்லிமீட்டர் குட்டி எஃப்பிவி ட்ரோன் ஒன்று வாங்கி வீட்டுக்குள்ளேயே நாற்காலிக் காலிடுக்கில் ஓட்டலாம். மழைக்காலத்துக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேமரா இல்லாத, வளையக் காப்புள்ள, 100 கிராமுக்குள் ஒன்று, நான்கு பேட்டரி, உதிரி ப்ரொப்பல்லர். பெட்டி வந்த அன்று பறக்கவிடும் முன் மேலேயிருந்து போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ப்ரொப்பல்லரிலும் 'ஏ' அல்லது 'பி' என்று பொடி எழுத்தில் இருக்கும். எந்த மூலையில் எது இருந்தது என்று அந்தப் படத்தில் தெரியவேண்டும். முதல் மோதலில் இரண்டு கழன்று சோபாவுக்கு அடியில் போகும். தேடி எடுத்து மாற்றி மாட்டிவிட்டால் ட்ரோன் எழும்பாது, கிளப்பிய இடத்திலேயே குப்புறக் கவிழும். அப்போது அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள்.